ஹெர்மன் முல்லர்-தூர்காவ்

ஹெர்மன் முல்லர்-தூர்காவ் (அக்டோபர் 21, 1850 – ஜனவரி 18, 1927) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த தாவரவியலாளரும் திராட்சை வளர்ப்பு, வைன் தயாரிப்பு ஆகிய துறைகளின் முன்னோடி ஆய்வாளரும் ஆவார். இவருடைய பெயராலேயே வழங்கும் முல்லர்-தூர்காவ் என்னும் வெள்ளைத் திராட்சை வகையை உருவாக்கியவர் இவரே. இந்த வகை ஒரு காலத்தில் ஜெர்மனியில் மிகுதியாகப் பயிரிடப்பட்ட திராட்சையாக இருந்தது. எனினும் ரீஸ்லிங், சார்டனே போன்ற வகைகள் பெற்ற புகழை அது பெறவில்லை. அதன் பெற்றோர் எவை என்று இவர் கொண்டிருந்த கருத்து தவறானது என்பது இவர் இறந்து 70 ஆண்டுகளுக்குப் பின்னரே உறுதியாயிற்று. திராட்சையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், உறைபனியால் தாவரங்கள் இறப்பது, குளிரில் உருளைக்கிழங்கு இனிப்பது, வைனின் புளிப்பு தானே குறைவது, மதுவாகாத பழச்சாற்றைப் புட்டியில் காப்பது ஆகியவை பற்றிய இவரது ஆய்வுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

இளமையும் கல்வியும்

முல்லர் சுவிட்சர்லாந்தின் வடகிழக்கில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகில் தூர்காவ் மாநிலத்தில் உள்ள டேகர்வீலன் என்னும் ஊரில் பிறந்தார். ஏரியின் மறுகரை ஜெர்மனி ஆகும். முதலில் ஆசிரியர் பயிற்சி பெற்றுச் சிறிது காலம் பள்ளியில் கற்பித்தார். பின்னர் சூரிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று, அங்கிருந்து ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

வூர்ஸ்பர்க்கில் இவருக்கு ஆசிரியராக அமைந்தவர் யூலியஸ் சாக்ஸ். தாவரங்களை வகைப்படுத்திப் பெயரிடுவதோடு நில்லாமல், அவை எவ்வாறு உண்கின்றன, மூச்சு விடுகின்றன, வளர்கின்றன என்பதைச் சோதனை மூலம் அறியும் தாவர உடலியங்கியல் துறையை நிறுவியோரில் சாக்ஸ் முதன்மையானவர். முல்லர் 1874இல் பாசிகளின் (மரப்பாசி, நிலப்பாசி போன்ற சிறு தாவரங்களின்) தொடக்க வளர்நிலை பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். சாக்ஸின் உதவியாளராகவும் பணியாற்றினார். எந்தக் கேள்வியையும் அளந்து பார்த்து விடை காணும் வழக்கம் சாக்ஸிடம் இவர் கற்றதே எனலாம்.

முல்லர் என்பது ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் மிகப் பரவலான குடும்பப் பெயர். மாவரைப்பவர் என்பது அதன் பொருள். அறிவியல் இதழ்களில் எழுதிய பல முல்லர்களிடையே தம்மை வேறுபடுத்திக் காட்ட, இவர் தம் சொந்த மாநிலத்தின் பெயரையும் சேர்த்து முல்லர்-தூர்காவ் என எழுதலானார். நம் நாட்டில் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்குவதைப் போன்றதே இது.

கைசன்ஹைமில்

1876இல் இவர் ஜெர்மனியின் ரைன்காவ் பகுதியில் உள்ள கைசன்ஹைம் என்னும் சிறு நகருக்குச் சென்றார். பழ வளர்ப்பு, திராட்சை வளர்ப்பு ஆகியவற்றுக்கான பிரஷ்ய அரசுக் கல்வி நிலையம் 1872இல் அங்கு நிறுவப்பட்டிருந்தது. அதன் தாவர உடலியங்கியல் ஆய்வு நிலையத்தை முல்லர் நடத்தினார். அங்கு கழித்த ஏறத்தாழ 15 ஆண்டுகளே இவர் வாழ்வின் வளமான பகுதி என்று கொள்ளலாம்.

அக்காலத்தில் ஐரோப்பியத் திராட்சை வளர்ப்போர் பெரும் இடரில் இருந்தனர். அமெரிக்காவிலிருந்து வந்த பில்லோக்செரா என்னும் வேர்ப்பேன் பிரான்சின் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1874இல் அது சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் காணப்பட்டது. 1878இல் அடிச்சாம்பல் நோய் என்னும் பூசண நோயும் ஐரோப்பாவை அடைந்தது. இவற்றுடன், வட எல்லையில் திராட்சை வளர்ப்பவர்களுக்கே உரிய பழைய துன்பங்களும் இருந்தன. இளவேனிற் காலத்தில் உறைபனி துளிரைக் கருக்கும். குளிரான ஆண்டுகளில் பழம் பழுக்காமலே இலையுதிர் காலம் முடிந்துவிடும்.

முல்லர் முதலில் குளிரைப் பற்றியே ஆராய்ந்தார். தாவரம் உறையும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்ற கேள்வி அப்போது தீராமல் இருந்தது. பனிக்கட்டி உயிரணுக்களைக் கிழித்துவிடுகிறது என்பது பரவலான எண்ணம். 1880களில் வெளியிட்ட கட்டுரைகளில் முல்லர், பனிக்கட்டி பெரும்பாலும் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளியில் உருவாகிறது என்றும், அது அணுக்களின் நீரை வெளியே இழுப்பதாலேயே அவை இறக்கின்றன என்றும் விளக்கினார். அதாவது உறைபனியில் சாகும் செடி ஒருவகையில் வறட்சியால் சாகிறது. இக்கருத்து பின்னர் பல திருத்தங்களுடன் நிலைபெற்றது.

இந்த ஆய்வின் கிளையாக 1882இல் வெளிவந்ததே உருளைக்கிழங்கு பற்றிய கட்டுரை. குளிரில் வைத்த கிழங்கு இனிப்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கிழங்கு உறைந்ததால் இனித்தது என்று எண்ணினர். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், உறையாமலேயே கிழங்கில் சர்க்கரை சேர்கிறது என்பதை முல்லர் காட்டினார். மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவது குளிரிலும் தொடர்கிறது. ஆனால் அச்சர்க்கரையை மூச்சு விடுதலில் செலவிடுவது குறைந்துபோகிறது. ஆகவே சர்க்கரை தேங்குகிறது. கிழங்கை இளஞ்சூட்டில் சில நாள் வைத்தால் இனிப்பு குறையும் என்பதையும் இவர் கண்டார். குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கை வறுத்தால் அது கருத்துப்போவதற்கும் இச்சர்க்கரையே காரணம். வறுவல் செய்யும் தொழிற்சாலைகள் கிழங்கை மிகுந்த குளிரில் வைக்காமலிருப்பது இதனால்தான்.

1888இல் இவர் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, உயர் அழுகல் எனப்படும் நிகழ்வைப் பற்றியது. போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் நிறப் பூசணம் ஈரமான காலத்தில் திராட்சையைக் கெடுத்துவிடும். ஆனால் நன்கு பழுத்த ரீஸ்லிங் பழத்தின் மீது, உலர்ந்த வெயில் நாட்களில் அதே பூசணம் படர்ந்தால் மிக உயர்ந்த இனிப்பு வைன் கிடைக்கும். கைசன்ஹைமுக்கு அருகிலுள்ள யோகானிஸ்பர்க் மாளிகைத் தோட்டம் இத்தகைய வைனுக்குப் பெயர்பெற்றது. பூசணம் பழத்தோலை ஊடுருவுவதால் நீர் ஆவியாகிறது என்பதையும், அது சர்க்கரையை உண்டாலும் அமிலத்தை அதைவிட அதிக விகிதத்தில் உண்கிறது என்பதையும் முல்லர் அளந்து காட்டினார். எஞ்சும் சாறு அளவில் குறைந்து, இனிப்பில் செறிந்து, புளிப்பில் தணிந்திருப்பதன் காரணம் இதுவே.

1882ஆம் ஆண்டின் கலப்பு

ரைன்காவின் சிறந்த திராட்சையான ரீஸ்லிங் மணமும் சுவையும் மிக்கது. ஆனால் அது பழுக்க நீண்ட காலம் ஆகும். அக்டோபர் இறுதியிலும் அதற்குப் பின்னும் கூட அறுவடை நடக்கும். நல்ல சரிவும் தெற்கு நோக்கிய வெயிலும் இல்லாத நிலத்தில் அது புளிப்பாகவே நின்றுவிடும். சில்வானர் என்னும் வகையோ முன்னதாகப் பழுத்து நம்பகமாகக் காய்க்கும். அதன் மணம் மிக மெலிது. இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒரு கொடியில் சேர்க்க இயலுமா என்பதே முல்லர் கொண்ட கேள்வி. 1882இல் இவர் கலப்புச் சோதனைகளைத் தொடங்கினார்.

திராட்சைப் பூ மிகச் சிறியது. ஒரே பூவில் மகரந்தத் தாள்களும் சூலகமும் இருப்பதால் அது தன் மகரந்தத்தாலேயே கருவுறும். கலப்புச் செய்பவர் பூ விரியுமுன்பே அதன் மூடியையும் மகரந்தத் தாள்களையும் இடுக்கியால் நீக்க வேண்டும். பிறகு வேண்டிய வகையின் மகரந்தத்தைத் தூவி, வேறு மகரந்தம் படாதவாறு உறையிட்டுக் காக்க வேண்டும். அதன் பின் கிடைக்கும் விதைகளை முளைக்க வைத்து, நாற்றுகள் காய்க்கும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஒரே கலப்பில் வந்த விதைகளாயினும் ஒவ்வொரு நாற்றும் வெவ்வேறு இயல்புடையதாக இருக்கும். ஆகவே திராட்சையில் நல்ல ஒரு நாற்றைக் கண்டபின் அதை விதை மூலம் பெருக்குவதில்லை. கொடியைத் துண்டாக நறுக்கி நட்டோ ஒட்டுக் கட்டியோ பெருக்குகின்றனர். சேர்வராயன் மலையில் ஏற்காடு, நாகலூர் பகுதிகளின் காப்பித் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கு அராபிக்காக் காப்பி விதையிலிருந்து நாற்றுவிட்டு வளர்க்கப்படுகிறது. அது தன் மகரந்தத்தாலேயே பெரிதும் கருவுறுவதால், பிள்ளைச் செடி தாய்ச் செடியை ஒத்தே வரும். அதே தோட்டத்தில் நிழல் தரும் சவுக்கு மரங்களில் (சில்வர் ஓக்) படரும் மிளகோ கொடித் துண்டிலிருந்து வளர்க்கப்படுகிறது. திராட்சை இதில் மிளகைப் போன்றது. உலகில் எங்கு வளரும் முல்லர்-தூர்காவ் கொடியும் 1880களில் முளைத்த ஒரே ஒரு நாற்றின் துண்டுகளிலிருந்து வந்ததே.

அந்த நாற்றை உருவாக்கியவர் முல்லர் என்றாலும், தேர்ந்தெடுத்ததில் பிறருக்கும் பெரும் பங்கு உண்டு. 1891இல் இவர் தாய்நாடு திரும்பியபோது, கைசன்ஹைமிலிருந்து சுமார் 150 கொடிகள் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டன. அங்கு அவற்றை நட்டு வளர்த்துச் சோதித்தவர் ஹைன்ரிக் ஷெல்லன்பர்க் என்னும் திராட்சை வளர்ப்பு வல்லுநர். எண் 58 என்று குறிக்கப்பட்ட கொடியே எல்லாவற்றிலும் சிறந்தது எனக் கண்டு அதைப் பெருக்கியவரும் அவரே. பெயர் முல்லருக்குச் சென்றது. ஷெல்லன்பர்க்கின் பொறுமையை அத்துறையினரே அறிவர்.

வேடன்ஸ்வில்

சூரிக் ஏரிக் கரையில் உள்ள வேடன்ஸ்வில் என்னும் ஊரில், ஜெர்மன் மொழி பேசும் சுவிட்சர்லாந்து மாநிலங்கள் இணைந்து 1890இல் பழம், திராட்சை, தோட்டக்கலை ஆகியவற்றுக்கான ஆய்வு நிலையத்தையும் பள்ளியையும் நிறுவின. அதன் இயக்குநராக முல்லர் அழைக்கப்பட்டார். 1902இல் அது நாட்டின் நடுவண் அரசின் நிறுவனமாயிற்று. 1924 வரை இவரே அதன் தலைவராக இருந்தார்.

இந்த நிலையத்தில் இவர் பணி பெரும்பாலும் உழவர்களும் சிறு வைன் தயாரிப்பாளர்களும் கொண்டுவந்த இடர்களிலிருந்து எழுந்தது. திராட்சை இலைகளில் சிவப்புத் திட்டுகளாகத் தோன்றி இலையைக் கருகச் செய்யும் நோய் ஒன்று அங்கு நெடுங்காலமாக இருந்தது. வெயிலால் அல்லது மண்ணால் வருவது என்று அதைக் கருதினர். அது ஒரு பூசணத்தால் வருவது என்பதை முல்லர் நிறுவி, 1903இல் அப்பூசணத்துக்கு அறிவியல் பெயரிட்டார். அது இலை நரம்புகளின் நீர்க்குழாய்களுக்குள் வாழ்வது என்பதும் இவர் கண்டதே. தாவரவியல் நூல்களில் அதன் பெயருக்குப் பின்னால் இவர் பெயரின் சுருக்கம் இன்றும் காணப்படுகிறது.

வைன் நொதித்தலைப் பழத்தோலில் தற்செயலாக இருக்கும் ஈஸ்ட்டுகளிடம் விட்டுவிடாமல், தேர்ந்தெடுத்து வளர்த்த தூய ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் இவரும் ஒருவர். டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883இல் பீருக்கு இம்முறையைக் கொண்டுவந்திருந்தார்.

புளிப்புக் குறைதல் பற்றிய ஆய்வு

முல்லரின் அறிவியல் பணிகளில் உலகெங்கும் வைன் தயாரிப்பை மாற்றியது எது என்றால் அது திராட்சை வகை அன்று, புளிப்புக் குறைதல் பற்றிய இந்த ஆய்வே என்று கூறலாம். குளிர்நாட்டு வைன்கள் முதலில் மிகப் புளிப்பாக இருந்து, இளவேனில் வந்ததும் பீப்பாயில் சிறு குமிழ்களுடன் மீண்டும் அசைந்து, பின் மென்மையாகிவிடும். கொடிகள் பூக்கும் காலத்தில் பீப்பாயிலுள்ள வைனும் உறவு பாராட்டி அசைகிறது என்று நாட்டுப்புறத்தில் நம்பினர்.

இது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம் என்று முல்லர் 1891இலேயே கருதினார். பின்னர் வேறு ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்தனர். 1913இல் முல்லரும் அவருடன் பணியாற்றிய அடால்ஃப் ஆஸ்டர்வால்டரும் விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டு, பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன என்பதைத் தெளிவுபடுத்தினர். மாலிக் அமிலத்தில் அமிலத் தொகுதிகள் இரண்டு. லாக்டிக் அமிலத்தில் ஒன்றே. எனவே புளிப்பு தணிகிறது. பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்புக்கும் தயிரின் மென்மையான புளிப்புக்கும் உள்ள வேறுபாடே இது. குமிழ்கள் வருவது கரியமில வாயுவால். இளவேனிலில் நிகழ்வது, நிலவறையின் குளிர் விலகி வெப்பம் கூடுவதால்.

காரணம் தெரிந்ததும் கட்டுப்படுத்தவும் வழி பிறந்தது. புளிப்பு மிகுந்த வைனில் இம்மாற்றத்தை ஊக்குவிக்கலாம், புளிப்பு குறைந்த வைனில் அதைத் தடுக்கலாம். இன்று ஏறத்தாழ எல்லாச் சிவப்பு வைன்களிலும் இது திட்டமிட்டே நடத்தப்படுகிறது. காப்பிக் கொட்டையின் வழவழப்பை நீக்கத் தொட்டியில் ஊறவைக்கும்போது நடைபெறும் நொதித்தலிலும் ஈஸ்ட்டுகளோடு லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு.

மதுவாகாத திராட்சைச் சாறு

வைன் துறையின் அறிஞர் ஒருவர் மதுவில்லாப் பானத்தைப் பரப்பியது முரணாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் குடிப்பழக்கம் ஒரு பெரும் சமூகச் சிக்கலாக இருந்தது. 1887இல் காய்ச்சி வடித்த மதுவகைகளை அரசே தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. சூரிக்கின் மனநல மருத்துவர் ஆகுஸ்ட் ஃபோரெல் மதுவிலக்கு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். அதே நேரத்தில் பழ விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் ஆப்பிளும் பேரிக்காயும் வீணாயின, அல்லது மலிவான மதுவாயின.

முல்லர் 1896இல் நொதிக்காத, மதுச்சத்து இல்லாத பழ, திராட்சை வைன்களைத் தயாரிக்கும் முறை பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். சாற்றைப் புட்டியில் அடைத்து, கொதிநிலைக்கு மிகக் கீழான வெப்பத்தில் போதிய நேரம் வைத்தால் ஈஸ்ட்டுகள் இறந்துவிடும், சாறு காய்ச்சிய சுவை பெறாது என்பதே இதன் சாரம். இது லூயி பாஸ்டரின் முறையைப் பழச்சாற்றுக்குப் பொருத்தியதே. அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் 1869இலேயே திராட்சைச் சாற்றை இவ்வாறு காத்திருந்தார். தேவாலயத்தின் திருவிருந்தில் மதுவுக்குப் பதிலாகப் பயன்படுத்தவே அவர் அதைச் செய்தார். ஐரோப்பாவில் இம்முறைக்கு அறிவியல் அடிப்படையைத் தந்து தொழிலாக வளர வழி செய்தவராக முல்லர் மதிக்கப்படுகிறார்.

இறுதிக் காலம்

1924இல் இவர் ஓய்வு பெற்றார். 1927 ஜனவரி 18 அன்று வேடன்ஸ்விலில் காலமானார். இவர் உருவாக்கிய திராட்சை அப்போது சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில் வேரூன்றியிருந்தது. ஜெர்மனியில் அது இன்னும் புதுமைப் பொருளாகவே இருந்தது.

திராட்சை ஜெர்மனி சென்றதும் ஒரு சுவையான கதை. கைசன்ஹைமில் முல்லருடன் பணியாற்றிய ஆகுஸ்ட் டெர்ன் 1913இல் 100 கொடிகளைச் சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுசென்றார். அதற்கு முல்லர்-தூர்காவ் என்று பெயரிட்டவரும் அவரே. முல்லர் தாமே அதை ரீஸ்லிங்-சில்வானர் என்றுதான் அழைத்தார். கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஜெர்மன் கரைக்கு 1925இல் கொடிகள் இரவோடு இரவாகப் படகில் கடத்திச் செல்லப்பட்டன என்பது அப்பகுதியில் நிலவும் செய்தி. புதிய வகைகளை நடுவதற்கு அங்கு அப்போது கடும் கட்டுப்பாடு இருந்தது.

பரவலும் சரிவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனியின் தோட்டங்கள் திருத்தி நடப்பட்டபோது முல்லர்-தூர்காவ் விரைந்து பரவியது. செப்டம்பரிலேயே பழுத்துவிடும், சரிவில்லாத சமநிலத்திலும் காய்க்கும், எக்டேருக்கு 10,000 லிட்டருக்கு மேலும் எளிதில் தரும். உழவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1970களில் அது ரீஸ்லிங்கை விஞ்சி நாட்டின் முதன்மைத் திராட்சையாயிற்று. 1990களின் நடுப்பகுதியில்தான் ரீஸ்லிங் மீண்டும் முதலிடம் பெற்றது.

நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் புதிதாகத் தோட்டம் இட்டவர்களும் இதையே மிகுதியாக நட்டனர். நியூசிலாந்தில் 1980களில் வைன் தேவைக்கு மேல் பெருகியபோது, 1986இல் கொடிகளைப் பிடுங்குவதற்கு அரசே பணம் கொடுத்தது. முல்லர்-தூர்காவ் இருந்த நிலங்கள் பல சாவின்யோன் பிளாங், சார்டனே வகைகளுக்கு மாறின.

புகழ் கெட்டதற்குக் காரணம் மிகை விளைச்சல். இந்தக் கொடியைக் கவாத்து செய்யாமல் விட்டால் ஏராளமாகக் காய்க்கும். அப்போது சாறு நீர்த்து, மணமின்றி இருக்கும். அதனுடன் இனிப்பான சாற்றைக் கலந்து, லீப்ஃபிராமில்க் போன்ற பெயர்களில் மலிவு விலையில் கோடிக்கணக்கான புட்டிகள் ஏற்றுமதி செய்யப்பட்டன. ஜெர்மன் வைன் என்றாலே இனித்த தண்ணீர் என்ற எண்ணம் வெளிநாடுகளில் உருவாயிற்று. வைன் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பழியைத் திராட்சையின் மீதும், அதன் வழியே முல்லரின் மீதும் சுமத்தினர். இது சற்று மிகையான குற்றச்சாட்டே. எவ்வளவு காய்க்க விடுவது என்பதை முடிவு செய்தவர்கள் வளர்ப்பவர்களும் வாங்குபவர்களும் ஆவர்.

கொடிக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. அடிச்சாம்பல் நோயும் அழுகலும் அதை எளிதில் தாக்கும். குளிரைத் தாங்கும் வலிமையில் அது ரீஸ்லிங்குக்குக் கீழானது. 1979 ஜனவரியின் கடுங்குளிர் இதை ஜெர்மானிய உழவர்களுக்கு நன்கு உணர்த்தியது. உறைபனியை ஆய்ந்தவரின் பெயர் தாங்கிய கொடிக்கு இவ்வாறு நேர்ந்தது.

பெற்றோர் பற்றிய கேள்வி

இது ரீஸ்லிங், சில்வானர் ஆகியவற்றின் கலப்பு என்றே முல்லர் இறுதிவரை நம்பினார். ஆயினும் இதில் சில்வானரின் சாயல் தெரியவில்லை என்று பலர் நெடுங்காலமாக ஐயுற்றனர். ரீஸ்லிங்கையே ரீஸ்லிங்குடன் சேர்த்ததன் விளைவு என்ற கருத்தும் நிலவியது. கலைக்களஞ்சியங்கள் ஆளுக்கொரு விடை கூறின.

1990களில் திராட்சை வகைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் முறைகள் வந்தபின் இக்கேள்வி தீர்ந்தது. சில்வானர் தந்தையாக இருக்க இயலாது என்பது முதலில் தெளிவாயிற்று. பின்னர், ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகளின் முடிவில், தாய் ரீஸ்லிங் என்பதும் தந்தை மாடலைன் ரோயால் என்னும் பிரெஞ்சு உண்ணுதிராட்சை என்பதும் 2000ஆம் ஆண்டளவில் உறுதிப்பட்டன. மாடலைன் ரோயால் மிக முன்னதாகப் பழுக்கும் வகை. முல்லர் சில்வானரிடம் வேண்டிய விரைந்து பழுக்கும் பண்பு, இவ்வாறு அவர் அறியாத வேறொரு கொடியிடமிருந்து கிடைத்திருந்தது.

பெயர்கள் மட்டும் மாறவில்லை. சுவிட்சர்லாந்தில் அது இன்றும் ரீஸ்லிங்-சில்வானர் என்று விற்கப்படுகிறது. லக்சம்பர்க்கிலும், ஜெர்மனியில் இனிப்பில்லாத வகைக்கும் ரிவானர் என்ற பெயர் வழங்குகிறது. அங்கேரிப் பெயரும் ஸ்லோவேனியப் பெயரும் இவ்விரு சொற்களையே இணைத்து அமைந்தவை. இல்லாத தந்தையின் பெயர் ஐந்து நாடுகளில் நிலைத்துவிட்டது.

வைனின் இயல்பு

முல்லர்-தூர்காவ் வைன் வெளிர் பச்சை கலந்த வைக்கோல் நிறம் கொண்டது. புளிப்புக் குறைவு, மதுச்சத்தும் பெரும்பாலும் மிதமானது. நன்றாக விளைந்ததில் ஆப்பிள், வெள்ளைப் பூக்கள் ஆகியவற்றின் மணத்தோடு மெல்லிய மஸ்கட் வாடையும் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை உண்டவர்களுக்கு இம்மணம் முற்றிலும் புதியதன்று. பன்னீர்த் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் கருந்திராட்சை வகை. அதில் ஓங்கி நிற்கும் மணமே இதில் தொலைவிலிருந்து வருவது போல் தோன்றும்.

இது ஆண்டுக்கணக்கில் வைத்துப் பருகும் வைன் அன்று. பெரும்பாலானவை அறுவடைக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் மணத்தை இழக்கும். ஆகவே புட்டியில் குறித்த ஆண்டைப் பார்த்து, கிடைப்பதில் புதியதையே தேர்கின்றனர். 8 முதல் 10 பாகை செல்சியசு வரை குளிர்வித்துப் பருகுவது வழக்கம். இதனினும் குளிர்ந்தால் இதன் மெல்லிய மணம் மறைந்துவிடும். நன்னீர் மீன், இளங்காய்கறிகள் போன்ற மென்மையான உணவுகளுடன் ஜெர்மானியர் இதைப் பருகுகின்றனர். புளிப்பும் மதுச்சத்தும் மிகாததால், மிளகாய்க் காரத்தை இது ஏனைய பல வைன்களைப் போல் எரிச்சலாக்குவதில்லை.

இத்திராட்சையால் என்ன இயலும் என்பதை அறிய மலைப்பகுதி வைன்களையே பார்க்க வேண்டும். வட இத்தாலியின் தெற்குத் திரோல் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஃபென்பர்க் என்னும் மேட்டில் டீஃபன்புருன்னர் நிறுவனம் முல்லர்-தூர்காவைப் பயிரிடுகிறது. அங்கு இரவுக் குளிரால் புளிப்பு குன்றாமல் நிற்கிறது, விளைச்சலும் குறைவு. அதிலிருந்து வரும் வைன் பல ஆண்டுகள் வைத்துப் பருகத்தக்கதாக மதிக்கப்படுகிறது. தாழ்நிலத்தில் சலிப்பூட்டிய அதே கொடிதான் இது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இத்தகைய திராட்சை அங்கும் வளருமே என்று எண்ணத் தோன்றும். உயரம் மட்டும் போதாது. ஏற்காடு நிலநடுக்கோட்டுக்கு 12 பாகைக்குள் இருப்பதால் அங்கு உறைபனிக் காலம் இல்லை. ஐரோப்பியக் கொடிகள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் ஒருசேரத் துளிர்ப்பவை. உறக்கம் இல்லாத இடத்தில் அவை ஓயாமல் தழைக்கும், ஒழுங்காகக் காய்ப்பதற்குக் கவாத்தின் மூலம் பருவத்தை வளர்ப்பவரே உண்டாக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை கிடைப்பது இம்முறையால்தான். மேலும் சேர்வராயன் மலையில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும். ஈரத்தில் எளிதில் நோயுறும் முல்லர்-தூர்காவுக்கு அது உகந்ததன்று. இந்தியாவில் வெள்ளை வைனுக்கு மகாராட்டிர மாநிலத்தின் நாசிக் பகுதியில் செனின் பிளாங், சாவின்யோன் பிளாங் ஆகியவையே பெரிதும் பயிராகின்றன. மழை ஓய்ந்தபின் அக்டோபரை ஒட்டிக் கவாத்து செய்து, வறண்ட குளிர்காலத்தில் பழுக்கவிட்டு, கோடைக்கு முன் அறுக்கின்றனர்.

கைசன்ஹைம் கல்வி நிலையம் பல மாற்றங்களுக்குப் பின் 2013இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வேடன்ஸ்வில் நிலையத்தின் பணி பின்னர் சுவிட்சர்லாந்து அரசின் வேளாண் ஆய்வு அமைப்பான அக்ரோஸ்கோப்புடன் இணைக்கப்பட்டது.